சனியைப் பார்க்கலாமா? வாசகர் கேள்விகள்

போன இதழில், எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துச் சனிக்கிரகம் பார்த்த கதையை நாலு வரி எழுதினேன். அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சனிதான். வழக்கமான சினிமா, சமையல், வீட்டு ஓனர் கேள்விகளுக்கெல்லாம் அடுத்த மாதம் பதில். "சனியோடு சேர்த்து என் பெயரை அச்சில் போட வேண்டாம்" என்று ஒருவர் கேட்டுக்கொண்டதால், இந்த முறை எல்லோருக்கும் ஏரியா பெயர் மட்டும்.

தீபாவளி போனஸில் பையனுக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். சனியைப் பார்த்தால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மாதிரி வளையம் இல்லை, உருண்டைக்குக் குறுக்கே ஒரு கோடுதான் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ராமமூர்த்தி நகர்)

பாவம், அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கிய வருஷம்தான் அப்படி. சனி தன் பாதையில் சுமார் 27 டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம். அதனால் நாம் வளையத்தைச் சில வருஷம் மேலிருந்தும் சில வருஷம் கீழிருந்தும் பார்க்கிறோம், நடுவில் இரண்டு முறை நேர் பக்கவாட்டில் பார்க்கிற நிலை வரும். சுட்ட அப்பளத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், வட்டம் நீள்வட்டமாகி, கடைசியில் வெறும் கோடு. 2025 மார்ச் 23 அன்று பூமி சரியாக வளையத்தின் தளத்தைக் கடந்தது. அப்போது சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாரும் சரியாகப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கொஞ்சம் விரிந்து, நவம்பர் கடைசியில் மறுபடி அரை டிகிரிக்கும் கீழே குறுகிவிட்டது. உங்கள் பையன் பார்த்தது அதைத்தான்.

இதே ஏமாற்றம் கலீலியோவுக்கும் நடந்தது. 1610இல் அவர் பார்த்தபோது சனிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ இருந்தது. 1612இல் மறுபடி பார்த்தால் காதையே காணோம். சனி தன் பிள்ளைகளைத் தின்றுவிட்டதா என்று எழுதி வைத்தார் மனிதர் (ரோமானியர்களின் சனி பெற்ற பிள்ளைகளையே விழுங்கியவர், அந்தக் கதை). காது இல்லை, கிரகத்தைத் தொடாத ஒரு தட்டை வளையம் என்று டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் விளக்கம் சொன்னது 1659இல். அதாவது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உலகத்தில் யாருக்கும் தான் என்ன பார்க்கிறோம் என்று தெரியாது. நீங்கள் ஒரே மாதத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்.

இவ்வளவு பெரிய வளையம் கோடாகிப் போவதற்குக் காரணம் அதன் மெல்லிசு. பிரதான வளையங்கள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சுமார் 2,70,000 கிலோமீட்டர், தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர், மிஞ்சினால் சில பத்து மீட்டர். நோட்டுப் புத்தகத் தாளின் தடிமனில் ஒரு மாதிரி செய்தால், அந்தத் தாள் அல்சூர் ஏரியில் ஆரம்பித்துக் கப்பன் பார்க் வரை அகலமாக இருக்க வேண்டும். டெலஸ்கோப்பை விற்றுவிடாதீர்கள். இனி வளையம் விரிந்துகொண்டேதான் போகும், 2026 டிசம்பரில் வளையம் வளையமாகவே தெரியும், 2032 வாக்கில் முழு விரிப்பு. வளையம் ஒடுங்கியிருக்கும்வரை ஒரு லாபமும் உண்டு: வளையத்தின் வெளிச்சம் குறைந்திருப்பதால், கோட்டின் இரண்டு பக்கமும் நிலவுகள் பாசிமணி கோத்த மாதிரி தெரியும்.

எனக்கு மீன ராசி, ஏழரைச் சனி நடக்கிறது. டெலஸ்கோப்பில் சனியை நேருக்கு நேர் பார்க்கவே கூடாது என்கிறார் மாமியார். பார்க்கலாமா? (ஸ்ரீராமபுரம் வாசகி)

திருநள்ளாறிலேயே சன்னதிக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்று கும்பிடுவதுதான் வழக்கம், அதனால் உங்கள் மாமியார் சும்மா சொல்லவில்லை, பழக்கத்தைச் சொல்கிறார். ஆனால் டெலஸ்கோப்பில் உங்கள் கண்ணில் விழுவது சூரிய வெளிச்சம். அது சனியில் பட்டுத் திரும்பி, 2025 டிசம்பர் கணக்குக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே பிரயாணம் செய்து வருகிறது. நீங்கள் பார்க்கிற நேரத்துச் சனி அங்கே என்ன செய்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, நீங்கள் பார்த்ததும் அவருக்குத் தெரியாது.

ஆனால் ஏழரையை வெறும் பயமாக மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அதற்குள் ஒரு சுத்தமான கணக்கு இருக்கிறது. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 30 வருஷம், ராசி 12, வகுத்தால் ராசிக்கு இரண்டரை. உங்கள் ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது, மூன்றும் சேர்த்து ஏழரை. டெலஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால், ஒரே மங்கலான மஞ்சள் புள்ளியை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து யாரோ எடுத்த கணக்கு இது. சனைச்சரன் என்றாலே மெதுவாக நடப்பவன் என்றுதான் அர்த்தம், மந்தன் என்பதும் அதேதான். நம் சங்கப் பாட்டில் மைம்மீன், அப்புறம் காரி, இரண்டும் கறுப்பை வைத்து வந்த பெயர். முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்று ஊரில் சொல்வார்களே, அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச் 29ஆம் தேதியே மீனத்துக்கு வந்துவிட்டார், உங்களுக்கு ஜென்மச் சனி. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6 வரைக்கும் கும்பத்தில்தான், அதுவரை உங்களுக்கு விரயச் சனி. எதை நம்பி டெலஸ்கோப்பைத் திருப்பினாய் என்று கேட்காதீர்கள், நான் போனில் இருக்கிற ஆப்பைப் பார்த்துத்தான் திருப்பினேன்.

எங்கள் கீழ் வீட்டு மாமிக்கும் ஏழரைதான். மாடிக்கு வந்தவர் முதலில் படியிலேயே நின்றுகொண்டார். பேத்தி பார்த்துவிட்டுக் கத்தினதும் ஆசை தாங்காமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் குழாயின் முன்பக்கம் போய்க் கையால் தடவிப் பார்த்து, "ஏம்ப்பா, உள்ள ஸ்டிக்கர் ஏதும் ஒட்டி வெச்சிருக்கியா?" என்றார். உங்கள் மாமியாரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எந்தக் கிரகத்துக்கு நிலவு அதிகம் என்ற கேள்விக்கு என் மகள் சனி, 274 என்று எழுதினாள். பள்ளியில் தப்பு போட்டு, 82 என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். யார் சரி? (பானஸ்வாடி)

மகள்தான் சரி. பள்ளியில் வைத்திருக்கும் புத்தகம் 2019இல் நின்றுவிட்டது போல. ரொம்ப நாள் சனிக்கு 62 நிலவு என்றே படித்தோம். 2019 அக்டோபரில் இருபது சேர்த்து 82 ஆக்கி, 79 வைத்திருந்த வியாழனை முந்தினார்கள். 2023 ஆரம்பத்தில் வியாழன் 92க்குப் போய் மறுபடி முதலிடம். அந்த மே மாதமே சனி 145, அப்புறம் இன்னும் ஒன்று சேர்ந்து 146. 2025 மார்ச்சில் ஒரே அடியாக 128 நிலவுகளுக்கு அங்கீகாரம் கிடைத்து 274 ஆனது, ஹவாயில் இருக்கும் டெலஸ்கோப்பை வைத்துக் கண்டுபிடித்தவை. இனி வியாழன் எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் 274 என்றதும் நம் சந்திரன் மாதிரி 274 என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாக வந்தவை எல்லாம் சில கிலோமீட்டர் அகலக் கற்கள், எப்போதோ வந்து சிக்கிக்கொண்டு அப்புறம் மோதி உடைந்தவற்றின் துண்டுகள், பாதிக்கு மேல் எதிர்த்திசையில் சுற்றுகின்றன. நாலில் ஒரு பங்குக்குத்தான் பேரே வைத்திருக்கிறார்கள். உருண்டையாக, நிலவு என்று சொல்லும்படி இருப்பவை ஏழுதான்: மிமாஸ், என்செலடஸ், டெத்திஸ், டயோனி, ரியா, டைட்டன், ஐயாபிட்டஸ். இதில் ஐயாபிட்டஸ் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பனி. 1671இல் அதைக் கண்டுபிடித்த வானியலாளர் காசினிக்கு அது சனியின் மேற்குப் பக்கம் வரும்போது தெரியும், கிழக்குப் பக்கம் போனால் மறைந்துவிடும். ஒரு பாதி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சரியாக ஊகித்தார். ஒரு மார்க்குக்காகச் சண்டை போட வேண்டாம், ஆனால் மகளிடம் அவள் சரி என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்குமாமே? (கே.ஆர். புரம்)

அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஏழு பங்குதான், அதனால் கணக்குப்படி மிதக்கும். ஹைட்ரஜனும் ஹீலியமுமான வாயு உருண்டையை எடுத்து எதில் போடுவது என்பது வேறு விஷயம். அவ்வளவு தண்ணீருக்கு நம்ம ஊரில் எத்தனை டேங்கர் சொல்ல வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வளையம் கெட்டியான தட்டா? மேலே நடக்க முடியுமா? எப்படி வந்தது? (ஹெப்பால்)

நடக்கக் கால் வைக்க இடம் கிடையாது. அத்தனையும் தனித்தனித் துண்டு, கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்ப் பனிக்கட்டி, மணல் அளவிலிருந்து வீடு அளவு வரைக்கும். தினமும் ஹெப்பாலிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் போகிற ஆள் என்றால் உங்களுக்குச் சீக்கிரம் புரியும்: தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே விளக்கு மாலை, கிட்டப் போனால் ஒவ்வொன்றும் தனி வண்டி. ஒரே வித்தியாசம், அங்கே நகர்கிறது. கெட்டித் தட்டாக இருந்தால் நிலைக்காமல் உடைந்துவிடும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859இல் கணக்குப் போட்டே காட்டினார். 1895இல் வானியலாளர் கீலர் ஒளியைப் பிரித்துப் பார்த்து, வளையத்தின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது என்று உறுதி செய்தார். தட்டாக இருந்தால் வெளி ஓரம்தானே வேகமாகச் சுற்ற வேண்டும்? இங்கே நேர்மாறு. பிரதான வளையத்தின் உள் ஓரத்துத் துண்டு ஆறு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும், வெளி ஓரத்துக்குப் பதினாலு மணி நேரம்.

நடுவில் இருக்கும் இடைவெளிகள் இன்னும் அழகு. கீலர் இடைவெளி சுமார் 40 கிலோமீட்டர் அகலம், அதற்குள் டாஃப்னிஸ் என்று எட்டு கிலோமீட்டர் நிலவு ஒன்று ஓடுகிறது, அது போகிற வழியில் இரண்டு கரையிலும் அலை எழும்பும், ஏரியில் படகு போன தடம் மாதிரி. சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் எடுத்த படத்தில், பக்கவாட்டு வெயிலில் அந்த அலைகளின் நிழல் வளையத்தின் மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எப்படி வந்தது என்பதில்தான் சண்டை. ஒரு கிரகத்துக்கு அளவுக்கு மீறிக் கிட்டப் போகிற நிலவை, பக்கத்து முகத்தையும் தூரத்து முகத்தையும் வேறு வேறு பலத்தில் இழுத்து அந்தக் கிரகம் பிய்த்துவிடும். அப்படி ஒரு நிலவு பிய்ந்துதான் வளையமானது என்பது பலரும் சொல்வது. வயது 10 கோடியிலிருந்து 40 கோடி வருஷம்தான் என்கிறது ஒரு கட்சி. அவர்களுடைய ஆதாரம் அழுக்கு: விண்வெளித் தூசி ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிறது, 450 கோடி வருஷம் கிடந்த பனி இவ்வளவு வெள்ளையாக இருக்காது. இல்லை, தூசி ஒட்டாமல் போக வழி உண்டு, வளையம் பழசுதான் என்கிறது எதிர்க்கட்சி. எனக்கு அழுக்குக் கட்சிதான் பிடித்திருக்கிறது, ஜன்னல் கம்பியைத் துடைக்கிற யாருக்கும் பிடிக்கும். எப்படியோ, வளையத்தின் பனி சனிக்குள் மழையாக விழுந்துகொண்டே இருக்கிறது, சில பத்துக் கோடி வருஷத்துக்குள் தீர்ந்துவிடும் என்பது கணிப்பு.

என்செலடஸில் உயிர் இருக்கிறதா? யூடியூபில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார்களே. (விவேக் நகர்)

கண்டுபிடிக்கவில்லை. யூடியூபில் தலைப்பைப் படித்துவிட்டு மூடிவிடுவதே நல்லது.

ஆனால் உண்மைக் கதையே போதுமான அளவு ஆச்சரியம். என்செலடஸின் குறுக்களவு 504 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து தெற்கே நேர்கோடு இழுத்தால் வள்ளியூர் பக்கம் முடிந்துவிடும், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஒரு உலகத்தைத் தாண்டியிருப்பீர்கள். இவ்வளவு சின்ன உருண்டை எப்போதோ உள்ளே வரை உறைந்திருக்க வேண்டும். ஆனால் 2005இல் காசினி பக்கத்தில் போனபோது, தென் துருவத்தில் நாலு நீள வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீறிட்டுக்கொண்டிருந்தது. குக்கர் வெயிட் தூக்கினால் வருகிற மாதிரி, ஆனால் நிற்காமல். மேலே பனி ஓடு, அடியில் முழு நிலவையும் சுற்றி உப்புத் தண்ணீர்க் கடல்.

அடுப்பு எங்கே என்று கேட்பீர்கள். ஒரு இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை இப்படியும் அப்படியும் வளைத்துவிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். என்செலடஸ் 33 மணி நேரத்துக்கு ஒரு முறை சனியைச் சுற்றுகிறது. டயோனி ஒரு சுற்று முடிப்பதற்குள் இது இரண்டு சுற்று. டயோனி இப்படித் தாளம் தவறாமல் இழுப்பதால் இதன் பாதை முழு வட்டமாக ஆக முடிவதில்லை, சனிக்குக் கொஞ்சம் கிட்டப் போய்க் கொஞ்சம் விலகி, ஒவ்வொரு சுற்றிலும் பிசையப்படுகிறது. அந்தச் சூடுதான். பீறிட்ட பனி விண்வெளியில் பரவி சனிக்கு ஒரு தனி வளையமே கொடுத்திருக்கிறது, ஈ வளையம் என்று பேர் (மொய்க்கிற ஈ இல்லை, ஏ, பி, சி வரிசையில் வருகிற ஈ).

2015இல் காசினி வெறும் 49 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஆவிக்குள்ளேயே புகுந்து போனது. அதில் ஹைட்ரஜன் இருந்ததை 2017இல் அறிவித்தார்கள், கடலடியில் வெந்நீரும் பாறையும் சந்திக்கிற இடத்தில் வரக்கூடியது அது. பழைய பதிவுகளைத் தோண்டி, பாஸ்பேட்டும் இருக்கிறது என்று 2023இல் சொன்னார்கள். தண்ணீர், சூடு, உப்பு, கரிமப் பொருள் எல்லாம் உண்டு. சமையலறையில் எல்லாச் சாமானும் இருக்கிறது, சமையல் நடந்ததா என்றுதான் தெரிய வேண்டும். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி எதுவும் இந்த நிலவுகளில் விழுந்துவிடக் கூடாது என்றுதான், எரிபொருள் தீர்கிற நேரத்தில், 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனிக்குள்ளேயே விழ வைத்து எரித்தார்கள். பதிமூன்று வருஷம் அங்கேயே குடியிருந்த கலம்.

டைட்டனில் மழை பெய்யுமாமே? பெங்களூர் மழை மாதிரியா? (ஜே.பி. நகர்)

பெய்யும், ஆனால் மீத்தேன். குளிர் மைனஸ் 179 டிகிரி, அதில் மீத்தேன் திரவமாகி, மேகமாகி, மழையாகி, ஆறாக ஓடி ஏரியில் சேர்கிறது. இங்கே தண்ணீர் செய்கிற எல்லா வேலையையும் அங்கே அது செய்கிறது. தண்ணீர் அங்கே பாறை. காற்று நம்முடையதைவிட அடர்த்தி, ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. அதனால் துளி பெரிசாக, ஒரு சென்டிமீட்டர் அளவில், ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கும். குடையை விரிக்க நிறைய நேரம் இருக்கும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற சின்னக் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கி அங்கே உட்கார்ந்தது. அது அனுப்பிய படத்தில், ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று உருண்ட பனிக்கட்டிகள், ஆரஞ்சு வெளிச்சத்தில். அடுத்து டிராகன்ஃபிளை என்று எட்டு விசிறி வைத்த ஹெலிகாப்டரை 2028இல் அனுப்ப நாசா திட்டம் போட்டிருக்கிறது, போய்ச் சேர 2034 ஆகும். புதன் கிரகத்தைவிடப் பெரிய நிலவு, பறந்து பறந்து பார்த்தால்தான் கட்டுப்படியாகும்.

வளையம் சனிக்கு மட்டும்தானா? (கோரமங்களா)

நாலு பெரிய கிரகத்துக்கும் உண்டு, மற்றதெல்லாம் மங்கல். நீங்கள் கோரமங்களா என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் ஏரியாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு நம் ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரம் கண் சிமிட்டியது. காவலூரில் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்தார்கள். அதை ஒரு புது நிலவு என்று நினைத்துத்தான் முதலில் எழுதினார்கள். பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர்கள் எடுத்ததையும் மற்ற இடத்துப் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிவானது. திருப்பத்தூர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படவே மாட்டேன் என்கிறார்கள், ஏனோ.

எந்த டெலஸ்கோப், எத்தனை மணிக்கு, எங்கே பார்க்க வேண்டும்? (மல்லேஸ்வரம் உட்பட ஏழு பேர்)

2025 டிசம்பரில் இருட்டியதும் சனி கிட்டத்தட்ட உச்சியில், கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கும், சிமிட்டாத மஞ்சள் புள்ளி. நடுராத்திரி வாக்கில் மேற்கே இறங்கிவிடும். மூன்று அங்குல லென்ஸ், முப்பது மடங்கு பெருக்கம் போதும். பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். நகர வெளிச்சம் கிரகத்தைக் கெடுக்காது, சூடுதான் கெடுக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளம் ஏழு மணிக்குக்கூட அனலை விட்டுக்கொண்டிருக்கும், பிம்பம் கொதிக்கிற எண்ணெய் மாதிரி ஆடும். எட்டு எட்டரைக்குப் பாருங்கள். எங்கள் மாடிக்கு வருவதானால் கையை வீசிக்கொண்டு வராமல் கொஞ்சம் குனிந்தே வாருங்கள், இருட்டில் துணிக்கொடி சரியாகக் கழுத்து உயரத்தில் இருக்கிறது.